டப்பா பார்ட்டி

"ஞாயித்துக்கிழமை வர்றே. அவ்வளவுதான். காரணம் எல்லாம் சொல்லாதே."

முன் மிஷினில் உட்கார்ந்திருந்த காலர்க்காரி உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கத்தினாள். பின் மிஷினில் இருந்த கைக்காரி தலையை ஆட்டினாள், வரமாட்டேன் என்று.

"வர்றேதானே?"

மறுபடியும் ஆட்டினாள்.

"சரி, அப்ப நேரத்தோட வந்துடு. வரும்போது உன் கீழ்வீட்டம்மாவையும் இழுத்துட்டு வா."

கைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன அழிச்சாட்டியம்? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். கேட்கிறவள் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

அந்தக் கூடத்தில் யாரும் வாயால் 'இல்லை' சொல்வதில்லை. தகரக் கூரை, அதற்குக் கீழே நீளவாட்டில் தையல் மிஷின்கள். எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் தும்மினாலும் கேட்காது. கேள்வி கேட்கிறவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கேட்பாள். பதில் சொல்கிறவள் தலையால் சொல்லிவிட்டுத் துணியைப் பார்ப்பாள். டீ குடிச்சியா? ஆட்டல். கத்தரிக்கோல் உன்கிட்டயா? இன்னொரு ஆட்டல். உதட்டைப் பிதுக்கினால் யாருக்குத் தெரியும் என்று அர்த்தம், புருவத்தைத் தூக்கினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "வாயில என்ன பூட்டா போட்டிருக்கே?" என்று கைக்காரியின் புருஷன் கேட்பான். அதற்கும் அவள் தலையைத்தான் ஆட்டுவாள்.

சட்டைக்குக் காலர் வைக்கிறவள் காலர்க்காரி. அவள் வைத்து முடித்த சட்டை பின்னால் நகர்ந்து வரும். அதற்குக் கை மூட்டுகிறவள் கைக்காரி. அதற்குப் பின்னால் பட்டன் வைக்கிறவள், எல்லோருக்கும் அவள் பட்டன். கைக்காரியின் மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலிருந்து முன்னும் பின்னுமாக இந்த இரண்டு பேரும்தான். ஒருத்தியின் முதுகை இன்னொருத்தி மனப்பாடமாக வைத்திருந்தாள். காலர்க்காரிக்குக் கழுத்து வலி வந்தால் அவளுக்கு முன்னால் கைக்காரிக்குத் தெரிந்துவிடும்.

போன மழைக்காலம் முடிந்து இந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் காலர்க்காரிக்கு டப்பா பைத்தியம் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பாக்கள். காற்றுப் புகாது, தண்ணி சிந்தாது, பேரன் காலம் வரைக்கும் உழைக்கும். கடையில் கிடைக்காது, வீட்டுக்கு வீடு பார்ட்டி வைத்துத்தான் விற்பார்கள். ஒருத்தி வீட்டில் கூடணும், டீ குடிக்கணும், டப்பாவைத் தட்டிப் பார்க்கணும், வாங்கணும். வாங்கினவள் அடுத்த தடவை தன் வீட்டில் கூட்டம் சேர்க்கணும். சேர்த்துக் கொடுத்தால் ஒரு பெரிய டப்பா இனாம். லைனில் இருந்த அத்தனை பேரும் ஒரு சுற்று மாட்டியாகிவிட்டது. கைக்காரியும் இரண்டு பார்ட்டிக்குப் போனாள். தோழியாயிற்றே. மூன்றாவதற்குத்தான் தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம்தான் காலர் கோண ஆரம்பித்தது.

கம்பெனிக்கு அப்போது வெள்ளைச் சட்டை ஆர்டர் வந்திருந்தது. அதுவரைக்கும் நீலமும் கோடு போட்டதுமாக ஓடிக்கொண்டிருந்த லைனில் எங்கே பார்த்தாலும் வெள்ளை. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். கட்டுக்கட்டாக வந்த சட்டையில் ஒன்றை எடுத்தால் காலரின் இடது முனை கூராக இருக்கும், வலது முனை மூக்கை உடைத்தாற்போல் மழுங்கியிருக்கும். இன்னொன்றில் தையல் ஓரத்தை விட்டு ஓடியிருக்கும். கைக்காரி முதலில் நம்பவில்லை. காலர்க்காரியின் தையலா? அந்தப் பக்கத்து லைன்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற தையலாயிற்றே. ஒன்றை எடுத்து முதுகில் தட்டிக் காட்டினாள். காலர்க்காரி வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள்.

"சரியாத்தானே இருக்கு? உன் கண்ணுக்கு என்ன வந்துச்சு?"

சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். அந்தச் சிரிப்புத்தான் கைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஓகோ, பார்ட்டிக்கு வராததற்குப் பழியா? இருக்கட்டும்.

கோணல் சட்டையைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் திருப்பினால் லைன் முழுக்கத் தெரியும். திருப்பாமல் கை மூட்டிவிட்டால், கோணலுக்கு அடுத்ததாக யார் மேசையைத் தாண்டியதோ அவர்கள் கணக்கில் குற்றம். அந்தக் கம்பெனியின் சட்டம் அது. முதலில் டீ நேரத்தில் உட்கார்ந்து பிரித்துத் தானே தைத்துவைத்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ரோஷம் வந்து, வந்தபடியே மூட்டித் தள்ளிவிட்டாள். அத்தனையும் செக்கிங் மேசையிலிருந்து மூட்டையாகத் திரும்பியது.

சனிக்கிழமை சூப்பர்வைசர் அவளைத் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னம்மா இது? பழைய ஆளு நீ."

அவள் தரையைப் பார்த்தாள்.

"காலர் உன் வேலை இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நீ தாண்ட விட்டிருக்கே. மேல கேக்கிறாங்க. ஒரு ஆளை நிறுத்தணும். நானா ஊகிச்சு எழுத முடியாது. திங்கக்கிழமை காலையில வந்து யார் கைன்னு நீ சொல்லு. சொல்லலைன்னா நீயேதான்."

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டில் புருஷன் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். சுவர் காய்ந்தால்தான் அவனுக்குச் சோறு. மழை விட்டுவிட்டுத் தூறியதில் எந்தச் சுவரும் காயவில்லை. பிரஷ்களை எல்லாம் கழுவித் துடைத்து, மறுபடி கழுவி, அவற்றுக்கே அலுத்துப்போயிருக்கும்.

"அவ பேரைச் சொல்லிட வேண்டியதுதானே? இதுல என்ன யோசனை?" என்றான்.

"எப்படிங்க சொல்றது?"

"வாயாலதான். உன் லைன்ல மாதிரி தலையாட்டினா அந்த ஆளுக்குப் புரியாது."

மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, உப்புக்கு மூணு டப்பா இருக்கு. உப்புதான் இல்ல."

"கீழ்வீட்டம்மாகிட்ட கொஞ்சம் வாங்கிட்டு வா."

"எதுல வாங்கட்டும்? சிவப்பு மூடியா, பச்சை மூடியா?"

"பல்லைத் தட்டிடுவேன்."

புருஷன் அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மேல்தட்டு முழுக்க டப்பா. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. "நான் காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு வர்றவன். நீ காலி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிட்டு வர்றவ. நல்ல ஜோடிதான் நாம."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் போலிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். இருந்த நாலு முட்டையில் மூன்றை உடைத்து ஊற்றினாள். நாளைக்கு ஒன்று இருக்கட்டும். திங்கட்கிழமைக்கப்புறம் அந்த ஒன்றுக்கும் வழியிருக்குமோ என்னமோ.

"வேலை போச்சுன்னா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் எட்டி ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினான். மழை அதைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து பஸ் ஸ்டாப்புல நேருக்கு நேரா வந்தா. நான் சிரிச்சேன். என்னைத் தாண்டிப் போயிட்டா, யாரோ மாதிரி. இத்தனை வருஷப் பழக்கம். ஒரு டப்பாவுக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளே. அதான் தாங்கல."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவளே உன்னை விட்டுட்டா. நீ எதுக்குச் சுமக்கிறே?"

முட்டையைத் தட்டில் போடும்போது வாசலில் காலடிச் சத்தம். குடையை உதறுகிற சத்தம். பிறகு, "யாரு இருக்கா வீட்ல?"

காலர்க்காரி. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. இரண்டிலும் டப்பாக்கள் கடகடத்தன. நனைந்த கோழி மாதிரி நின்றாள். ஆனால் வாய் மட்டும் நனையவில்லை.

"நாளைக்கு நடக்கவேண்டிய வீட்ல கடைசி நேரத்துல கம்பி நீட்டிட்டாங்கடி. எல்லாருக்கும் சொல்லியாச்சு. என்னை இந்த டப்பா விக்கிறதுல சேர்த்துவிட்டவங்க, இந்த மாசம் கூட்டம் விட்டுப்போனா சேர்ந்த கமிஷன் எல்லாம் போச்சு, மறுபடி முதல்லேருந்துன்னுட்டாங்க. அதனால உன் வீடு."

"என் வீடா?"

"பின்ன? உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? டீத்தூள் நான் கொண்டாறேன். பிஸ்கட்டும் நான். நீ சும்மா உக்காந்திரு போதும்."

புருஷன் நாற்காலியைச் சத்தமாக நகர்த்தினான். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கைக்காரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றாள். யாராக இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

"அப்ப மூணு மணிக்கு வெச்சுக்கலாம்" என்றாள் காலர்க்காரி, மலர்ந்த முகத்தோடு.

என்ன ஜென்மம் இது, என்று நினைத்தாள் கைக்காரி. நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். சட்டென்று ஒரு பிடிவாதம் அவளுக்கும் வந்தது. வரட்டும். என் வீட்டில், என் தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிடுகிறேன். அப்புறம் திங்கட்கிழமை பேர் சொல்ல நாக்குக் கூசாது.

"வா. வெச்சுக்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. ஆனால் வெயில் வரவில்லை. புருஷன் மழைவிட்ட சாக்கில் வெளியே போய்விட்டான். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் பாயை விரித்தார்கள். பட்டன் வந்தாள். லைனில் கடைசியில் நூல் வெட்டுகிற பிசிறு வந்தாள். "சும்மா பார்க்கத்தான் வந்தேன், ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்று வாசலிலேயே பிரகடனம் செய்துவிட்டுக் கீழ்வீட்டம்மா வந்து ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேர், வந்ததற்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"நீ எப்படி மாட்டினே?"

"பஸ்ல பிடிச்சிட்டா. இறங்கவும் முடியல, வரமாட்டேன்னும் சொல்ல முடியல. தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன்."

"எனக்கும் அதே கதைதான். கழுத்தே சுளுக்கிக்கிச்சு. ஒரு வெக்கம் வேண்டாம் மனுஷிக்கு?"

கைக்காரி டீ ஆற்றிக்கொண்டே இதைக் கேட்டாள். நல்லது, எல்லோரும் என் கட்சிதான்.

காலர்க்காரி நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு டப்பாவில் தண்ணீரை ஊற்றினாள், மூடியை வைத்தாள். மூடியைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்று ஓட்டினாள். சுற்றி வந்த விரல் தொடங்கின இடத்தில் நின்றதும் மெல்ல ஒரு அழுத்து. டக். டப்பாவை அப்படியே பிசிறின் மடிக்கு மேல் கவிழ்த்தாள். பிசிறு வீலென்று கத்தினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பார்த்தியா! இந்த டப்பாவை நம்பலாம். புருஷனை நம்ப முடியாது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கைக்காரிக்கும் உதடு விரிந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கீழ்வீட்டம்மா, உங்களுக்கு ஒரு செட் போட்டுடட்டுமா?"

கீழ்வீட்டம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

காலர்க்காரி சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு செட்டும்மா."

மறுபடி தலையசைப்பு, கொஞ்சம் வேகமாக.

"பெரிசு வேண்டாம்னா சின்ன செட்?"

பட்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விடமாட்டா போலிருக்கே!" என்று பிசிறின் காதைக் கடித்தாள். கீழ்வீட்டம்மாவின் முகம் சிவந்துவிட்டது. காலர்க்காரி மட்டும் அதே சிரிப்போடு, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு.

டீ டம்ளரோடு நின்ற கைக்காரி அந்தச் சாய்வைப் பார்த்தாள். கோணல் காலரைக் கொடுத்தபோது அதைப் பார்த்த அதே சாய்வு.

அவள் கண் காலர்க்காரியின் கண்ணுக்குப் போனது. அங்கிருந்து கீழ்வீட்டம்மாவுக்கு. ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் கீழ்வீட்டம்மா ஒரு கறுப்பு உருவமாக இருந்தார். பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. தான் நேற்று கடுகடுவென்று நின்றது ஞாபகம் வந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல்.

சோதித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. டம்ளரை நீட்டியபடி கிட்டே போய் நின்று, ஒன்றும் பேசாமல், நாக்கைத் துருத்திக் காட்டினாள். மகள் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள்.

"டீயா? வெச்சுட்டுப் போடி" என்றாள் காலர்க்காரி.

கைக்காரி டம்ளரை அவள் கையில் பிடிக்கவைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கீழ்வீட்டம்மா வேண்டாங்கிறாங்க" என்று உரக்கச் சொன்னாள்.

"அட, வேண்டாமா? சரி போங்க. வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?" என்று காலர்க்காரி அடுத்த டப்பாவை எடுத்தாள்.

கடைசியில் பிசிறு மட்டும் ஒரு டப்பா வாங்கினாள், பயந்த சந்தோஷத்தில். எல்லோரும் போனபின் மகளைக் கீழே அனுப்பிவிட்டு, கைக்காரி கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"நடிக்காதே. என் மூஞ்சி தெரியுதா உனக்கு?"

காலர்க்காரி மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கி முடித்தது சரிந்தது. மறுபடி அடுக்கினாள்.

"ஓரத்துல எல்லாம் தெரியுதுடி. நடக்கலாம், பஸ் ஏறலாம். நடுவுலதான் இல்ல. யாரோ எச்சில் தொட்டு அழிச்சாப்பல. எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் இல்ல."

"டாக்டர்?"

"பார்த்தாச்சு. மருந்து போட்டா மெதுவாப் போகுமாம். போனது போனதுதானாம்." குரலைத் திடமாக வைத்துக்கொண்டாள். "நீலச் சட்டைக்குச் சமாளிச்சேன். வெள்ளை வந்ததும் மாட்டிக்கிட்டேன். முனை எங்கேன்னே தெரியல. நீ பிரிச்சுத் தைச்சேன்னும் தெரியும். தேங்க்ஸ் சொல்லணும்னா கண்ணைப் பத்திச் சொல்லணும். சொன்னா சீட்டு கிழிஞ்சுடும். அதுக்குள்ள இந்த டப்பாவை வெச்சுக் காலை ஊனிக்கலாம்னு..."

"அதுக்கு எங்க எல்லார் தலையிலயும் கட்டணுமா?"

"யாரு வேண்டாம்னீங்க? ஒருத்தியாவது சொன்னீங்களா?"

கைக்காரி தலையை ஆட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் பழி வாங்கிறேன்னுதானே நெனச்சே?" என்றாள் காலர்க்காரி.

"ஆமா."

"போடி இவளே. உன்னைப் பழி வாங்கிறதுன்னா மூஞ்சிக்கு நேராவே வாங்கியிருக்க மாட்டேனா?"

கைக்காரி சரிந்த மூடியொன்றை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு கைக்காரி சொன்னாள், சூப்பர்வைசர் கேட்டதை, திங்கட்கிழமையை, எல்லாவற்றையும். காலர்க்காரி கேட்டுவிட்டு மூடி ஒன்றை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரைச் சொல்லிடு. உன் வீட்டுக்காரருக்கு வேலை இல்ல, பொண்ணு படிக்குது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கைக்காரி அந்த விரலையே பார்த்தாள். சுற்றி வந்து, தொடங்கின இடத்தில் நின்றது. மறுபடி சுற்றியது.

எழுந்துபோய்ப் புருஷனின் பழைய பெயிண்ட் சட்டையைக் கொண்டுவந்தாள். ஒரு கையைப் பிரித்துத் தனியாக எடுத்து, இரண்டையும் அவள் மடியில் போட்டாள்.

"தோள்ல ஒரு சின்ன வெட்டுக்குறி இருக்கும். கையிலயும் இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பிடி. கண்ணை மூடிக்கோ."

"கண்ணை மூடினா என்ன, திறந்தா என்ன?"

"மூடுடி."

விரல்கள் துணியின் ஓரமாக ஊர்ந்தன. வெட்டுக்குறியில் நின்றன. இன்னொரு கையின் விரல் அதன் குறியைக் கண்டுபிடித்தது. இரண்டும் சேர்ந்தன. வளைவைத் துளித்துளியாக உள்ளே தள்ளிக்கொண்டு விரல் அக்குள் வரைக்கும் சுற்றி வந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"கைதானே?" என்றாள் காலர்க்காரி, கண்ணைத் திறக்காமலே. "இதுக்குக் கண்ணே வேண்டாமே. இத்தனை வருஷமா இந்தச் சுலபமான வேலைக்கா சம்பளம் வாங்கினே?"

"நாளைக்கு வந்து வாங்கிப் பாரு, தெரியும்."

திங்கட்கிழமை சூப்பர்வைசர் டிரம்முக்குப் பக்கத்தில் காத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றார்கள்.

"சொல்லு. யார் கை?"

"அது சொல்லமாட்டேன் சார்" என்றாள் கைக்காரி, வாயால், தெளிவாக. "வெள்ளை ஆர்டர் நேரத்துக்குப் போகணும்னா ஒண்ணு சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் மிஷின் மாறிக்கிறோம். நான் காலர் வைக்கிறேன், அவ கை மூட்டட்டும்."

"ஏன்?"

"மாறிக்கிறோம், அவ்வளவுதான் சார்."

அவர் ஒருத்தியைப் பார்த்தார், இன்னொருத்தியைப் பார்த்தார். ஏதோ புரிந்தமாதிரியும் இருந்தது, புரிந்துகொள்ள விரும்பாதமாதிரியும் இருந்தது. "திரும்பி வந்த மூட்டையை டீ நேரத்துல பிரிச்சுத் தைச்சுடணும். இனி ஒரு பீஸ் திரும்பினாலும் ரெண்டு பேரும் வெளியே. ஒருத்தி இல்ல, ரெண்டு பேர்."

காலர் வைப்பது கைக்காரிக்குக் கை வராத வேலையாக இருந்தது. புதிதில் செய்ததுதான், மறந்துபோயிருந்தது. வெள்ளை முனை ஊசிக்குக் கீழே வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துத்தான் பின்னால் தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் முதுகு இன்னொருத்தியிடம் இருந்தது. செக்கிங் மேசைப் பக்கம் யார் எழுந்தாலும் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தாள். மூட்டை எதுவும் வரவில்லை. இன்னும் வரவில்லை.

மழை மறுபடி தகரத்தில் இறங்கியது. முதுகில் யாரோ ஸ்கேலால் குத்தினார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பட்டன் வீட்ல! வர்றேதானே?"

கைக்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

"வர்றேதானே?"

மிஷினை நிறுத்தினாள். உடம்பு முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இல்ல!" என்று கத்தினாள். "வரமாட்டேன்!"

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் அது. பட்டன் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். காலர்க்காரி தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டதை ஒரு நிமிஷம் காதிலேயே வைத்திருந்தவள்போல இருந்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பானது.

"சரி விடு. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை?"

"அதுக்கும் இல்லடி!"

"அப்ப சட்டையத் தள்ளு, சும்மா உக்காந்திருக்கேன்" என்று காலர்க்காரி கையை நீட்டினாள். கைக்காரி காலரின் இரண்டு முனையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சட்டையை அந்தக் கையிலேயே வைத்தாள்.